கையிலேயே இருந்த வெள்ளைத் துணி

எனக்குச் சத்தம் என்றாலே ஆகாது, ஐயா. அதனால் எங்கள் ஹோமோவோ அறுவடைத் திருவிழாவுக்கு முந்தின மாதம்தான் வருஷத்திலேயே எனக்குப் பிடித்த மாதம். முரசு கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, சர்ச்சில்கூடக் கை தட்டாமல்தான் பாடுவார்கள். நீங்கள் வெளியூர், குமாசிப் பக்கத்துக்காரர், உங்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். விதைத்த சோளம் நிம்மதியாக வளரட்டும் என்று எங்கள் பெரியவர்கள் போட்ட தடை அது. அக்ரா முழுக்க வாகனம் இரைந்தாலும், எங்கள் புக்கோம் பேட்டைச் சந்துகளில் அந்த மாதம் ஒருத்தர் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

நான் குத்துச்சண்டை ஜிம்மில் நேரம் பார்க்கிறவன். பையன்கள் மணிக்காரர் என்பார்கள். சுற்று தொடங்கவும் முடியவும் மணி அடிப்பது என் வேலை. தடை மாதத்தில் மணியை எண்ணெய் போட்டுத் துடைத்து உள்ளே வைத்துவிடுவேன். அதற்குப் பதில் ஒரு வெள்ளைத் துணி. துணியைத் தூக்கிப் பிடித்தால் சுற்று நடக்கிறது என்று அர்த்தம். கீழே போட்டால் முடிந்தது. பையன்கள் குத்திக்கொண்டே ஓரக்கண்ணால் என் கையைப் பார்ப்பார்கள். துணி விழாமல் எவனும் கையை இறக்க மாட்டான். அந்த ஒழுங்கை நான்தான் பழக்கினேன்.

குத்துச்சண்டைக்காரன் என்றால் ரவுடி என்றுதான் இந்த ஊரில் நினைப்பு. பெண் கொடுக்க யோசிப்பார்கள், வாடகைக்கு வீடு தர யோசிப்பார்கள். அதை மாற்ற நான் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. எங்கே போனாலும் இஸ்திரி போட்ட சட்டைதான் போடுவேன். கடைசியில் மேட்டுப்பகுதியில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை இறங்கிவந்தார். திருவிழா முடிந்ததும் அங்கே குத்துச்சண்டை வகுப்பு ஆரம்பிக்கலாம் என்றார். அன்று வீட்டுக்குப் போய் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்கென்று சின்னதாக ஒரு மணிகூட வாங்கி வைத்தேன்.

அப்புறம் ஒடார்ட்டே.

அவனைப் போல ஒருத்தன் எங்கள் ஜிம்மில் வந்ததில்லை. அவன் இடது கை வருவதே தெரியாது. ஆனால் மேடைக் கயிற்றைத் தாண்டி வெளியே வந்தால் அவன் வேறு ஆள். வேன் நிறுத்தத்தில் நடத்துனரோடு அடிதடி, சாப்பாட்டுக் கடையில் மீன் சின்னதாக இருக்கிறது என்று அடிதடி. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆப்பிரிக்கப் பட்டத்துக்கான போட்டி அவனுக்குக் கிடைத்தது. ஒரு ஓட்டலில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். லாகோஸிலிருந்து வந்திருந்த எதிராளி, தெருவில் கென்கி உருண்டை விற்கிறவளின் புருஷன் என்று இவனைக் கேலி செய்தான். இவன் மேசையைக் கவிழ்த்தான், நாற்காலியைத் தூக்கினான். ஒரு பெண் நிருபருக்கு நெற்றியில் காயம். சாயங்காலத்துக்குள் எல்லோருடைய போனிலும் அந்தப் படம் ஓடியது.

மறுநாளே தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "உங்க மேல குறை சொல்லலை. ஆனா இதைப் பாத்த பிறகு எந்த அம்மா பிள்ளையை அனுப்புவாங்க, நீங்களே சொல்லுங்க" என்றார். அந்த வகுப்பு அதோடு போயிற்று.

அன்றைக்கே ஒடார்ட்டே வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி கோர்க்கோர் வாசலில் உட்கார்ந்து கென்கிக்குச் சோளமாவை உருட்டிச் சோள மட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து மட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். எதிராளியிடமும் அந்த நிருபரிடமும் மன்னிப்புக் கேட்டு ஒரு வார்த்தை சொல் என்றேன். சிரித்தான்.

"மணிக்காரரே, பேசாம உக்காருங்க. டிக்கெட் எல்லாம் ஒரே நாள்ல வித்துப்போச்சாம், தெரியுமா? சூடா ஒரு கென்கி சாப்பிடுங்க, கோபம் அடங்கும்."

"உனக்குக் கட்டுப்பாடுன்னா என்னன்னே தெரியலைடா" என்றேன்.

"தெரியாமத்தான் இத்தனை வருஷம் உங்க கையைப் பாத்துக்கிட்டே குத்துறேனா?" என்றான். கோர்க்கோர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்கு அது கேலியாகத்தான் பட்டது. ஆனாலும் கென்கியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அந்த வாரத்திலேயே குத்துச்சண்டைச் சங்கத்தார் ஓட்டல் கலாட்டாவைப் பற்றி விசாரணை வைத்தார்கள். ஜிம்மின் பயிற்சியாளர் குவே பதில் சொல்லப் போய்விட்டார். அன்றைய பயிற்சி என் பொறுப்பு. ஒடார்ட்டேயோடு மோத தாகோவை நிறுத்தினேன். தாகோ இரண்டு எடைப்பிரிவு மேலே, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பயிற்சியில் அவன் எப்போதும் பாதி பலத்தில்தான் குத்துவான், நல்ல மனசுக்காரன். இன்று முழு பலத்தில் குத்து, பட்டப் போட்டி வருகிறது, அவனுக்கு நல்லது என்று சொன்னேன். ஒடார்ட்டேயின் தலைக்கவசத்தில் வார் நைந்திருந்தது. முந்தின நாளே அதைத் தைக்கக் கொடுத்திருந்தேன். வேறு கவசங்கள் இருந்தன. அவை எடுத்துத் தரவேண்டிய இடத்தில் இல்லை, என் அலமாரியில் இருந்தன. அவன் கவசமில்லாமல்தான் மோத வேண்டியிருந்தது.

மேடையேறுவதற்கு முன் ஒடார்ட்டே என்னிடம் வந்தான். "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும் மணிக்காரரே, அந்த ஓட்டல் விவகாரம்தான்" என்றான். முதலில் சுற்று முடியட்டும் என்றேன். சரியென்று தலையாட்டினான்.

துணியைத் தூக்கினேன்.

ஒரு சுற்று மூன்று நிமிஷம், உங்களுக்கும் தெரியும். அந்த நேரம் ஆனபோது ஒடார்ட்டே என் கையைப் பார்த்தான். துணி என் கையில் இருந்தது. மறுபடி குத்தப் போனான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தான், லேசாகச் சிரித்தான். நான் அவனைச் சோதிக்கிறேன் என்று நினைத்திருப்பான். தாகோவும் தயங்கி என்னைப் பார்த்தான். தொடரு என்று தலையசைத்தேன். சுற்றி நின்ற பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் கிட்டே வந்து, நேரம் ஆகலையா என்று காதில் கேட்டான். கடிகாரம் என்னிடம் இருக்கிறது என்றேன். மற்ற மாதமாக இருந்தால் யாராவது கத்தியிருப்பார்கள். தடை மாதத்தில் யார் கத்துவார்கள்?

அவன் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன், ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். அவன் வெளியே வந்தால், இதுதானா உன் கட்டுப்பாடு என்று எல்லோர் முன்னாலும் கேட்கலாம் என்று இருந்தேன். அவன் வரவில்லை. கால் பின்னியபோதும் வரவில்லை. கை மேலே எழாமல் தாடையைத் தோளில் ஒளித்துக்கொண்டு நின்றான். கண் மட்டும் என் கையிலேயே இருந்தது. அவன் வர மாட்டான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் துணியை நான் விடவில்லை. தாகோவின் வலது கை அவன் காதுக்கு மேலே விழுந்தது. அவன் விழுந்த பிறகுதான் துணியைப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவன் கண் திறக்காமலே இறந்துபோனான். பயிற்சியில் நடந்த விபத்து என்றார்கள். தாகோ ஜிம்முக்கு வருவதை நிறுத்திவிட்டான், அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்று கேள்வி. அவன் மேல் குற்றமில்லை, சொன்னதைச் செய்தான். தடை மாதத்தில் எங்களில் யாரையும் அடக்கம் செய்வதில்லை, வாய்விட்டு அழுவதும் கூடாது. கோர்க்கோர் என் வீட்டுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். போகும்போது குரலே எழாமல் கேட்டாள்.

"பெரியவரே, அவரு உங்க கையையே பாத்துக்கிட்டு இருந்தாராமே. ஏன் துணியை விடலை?"

கவனிக்கவில்லை அம்மா என்றேன். என் வாழ்நாளில் நேரத்தைக் கவனிக்காமல் இருந்ததே இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

நேற்று தடை நீங்கியது. விடிந்ததிலிருந்து முரசுதான். அத்தனை முரசுக்கும் மேலே அவள் அழுகை கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன், அப்படியும் கேட்டது. அதுதான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் இன்று சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். மேசையைக் கவிழ்க்கச் சொன்னது போட்டியை நடத்துகிற புரமோட்டர்தானாம், டிக்கெட் விற்பதற்காக. எதிராளிக்கும் முன்பே தெரியுமாம், நிருபருக்கு அடிபட்டது மட்டும் கைத்தவறாம். வெளியே சொல்லக்கூடாது என்று ஒடார்ட்டேயிடம் சத்தியம் வாங்கியிருந்தார்களாம். அதைத்தான் அவன் அன்று என்னிடம் சொல்ல வந்திருக்க வேண்டும். ஆக, சொன்னபடி கேட்கிற பையன்தான் அவன். நான் பழக்கிய ஒழுங்கு வீண் போகவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று காட்டுங்கள். கொன்றது நான்தான், அதில் மாற்றமில்லை. உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வெளியே பத்திரிகைக்காரர்கள் நிற்கிறார்கள். அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இது தெருவில் நடக்கவில்லை, கயிற்றுக்குள் நடந்தது, இரண்டு பேரும் கையுறை போட்டிருந்தார்கள் என்று. அந்தத் தலைமையாசிரியையும் படிப்பார்.