ஷோமாரி இரண்டு முறை விசில் ஊதினார்

என் பெயர் நக்வாபி, தகப்பனார் பெயர் லுஷிங்கே, வயது 38, குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். சொந்த ஊர் விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள ம்வான்சா. நான்கு மாதமாக தார் எஸ் சலாமில் தபாட்டா பகுதியில் இரண்டு அறை வாடகை வீட்டில் மனைவி மின்சா, மகள் லிமி (9), மகன் ஷிஜா (5) ஆகியோருடன் குடியிருந்து வந்தேன். கடந்த ஞாயிறன்று இதே காவல் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் கடற்கரைக் காவலர் ஷோமாரி எங்களை எச்சரிக்கவில்லை என்று சொன்னேன். அது பொய். அந்தப் பொய்யால்தான் அவர் நான்கு நாளாக உள்ளே இருக்கிறார். யாரும் வற்புறுத்தாமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் என் மனைவி, "பிள்ளைங்க சுவத்தைப் பார்த்தே வளருதுங்க, லிமி அப்பா. எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயேன்" என்று தினமும் சொல்லி வந்தாள். அதன் பிறகு ஞாயிறுதோறும் ஒருவர் சொல்லும் இடத்துக்குப் போவது என்று முடிவு செய்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் லிமி முறை எழுதி வைத்தாள். ஷிஜாவின் முறைக்கு ரயில் பார்க்கப் போனோம், மின்சாவின் முறைக்குப் பூங்கா, என் முறைக்குத் துறைமுகம். நான்காவது முறை லிமியுடையது. அவள் "கடல்" என்று எழுதியிருந்தாள்.

ஞாயிறு காலை சப்பாத்தியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ஒன்பதரை மணிக்குக் கடற்கரையை அடைந்தோம். தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. அரை கிலோமீட்டருக்கு அப்பால் வெள்ளையாக ஒரு மணல்திட்டு தெரிய, லிமி அதைக் காட்டி அங்கே போகலாம் என்றாள். நடுவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மின்சாவும் பிள்ளைகளும் முன்னால் நடக்க, நான் பாயைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். அப்போது கரையில் ஏறிக் கிடந்த படகின் அருகே உட்கார்ந்திருந்த ஷோமாரி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நடுப்பகல் தொழுகைப் பாங்குக்கு ரொம்ப முன்னாடியே திரும்பிடணும். தண்ணி எதிர்ல வராது, முதுகுப் பக்கமா வந்து வழியை மூடிடும். பிள்ளைங்க வேற இருக்குது" என்றார்.

வழிநெடுகப் படகுக்காரர்கள் சவாரிக்குக் கூப்பிட்டு எரிச்சல் மூட்டியிருந்தார்கள். இவரும் அந்த ரகம் என்று நினைத்தேன். "நான் ஏரியிலயே பொறந்து வளர்ந்தவன் பெரியவரே. எனக்கே தண்ணி சொல்லித் தர்றீங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு மின்சா திரும்பிப் பார்த்து, "என்னவாம்?" என்று கேட்டதற்கு, "படகு வேணுமான்னு கேக்குறாரு" என்று சொன்னேன்.

எங்கள் ஏரியில் தண்ணீர் நின்ற இடத்தில்தான் நிற்கும். காற்றடித்தால் அலை வரும், காற்று நின்றால் போய்விடும். அன்று காற்றே இல்லை என்பதால் நான் நிம்மதியாகப் பாயில் படுத்திருந்தேன். லிமி தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சி நட்டு வைத்திருந்தாள். சிறிது நேரம் கழித்து வந்து, "அப்பா, குச்சி உள்ள போயிடுச்சு" என்றாள். இன்னொன்று நடச் சொன்னேன். அதன் பிறகு கரையிலிருந்து விசில் சத்தம் கேட்டது. லிமி, "நம்மளைத்தான் கூப்பிடறாரு" என்றாள். "சவாரி கிடைக்கல, ஊதறாரு. நீ சாப்பிடு" என்றேன். மறுபடியும் விசில் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. என் வாய்க்கொழுப்பையும் திமிரையும் இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு மின்சா அலறியபோதுதான் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நடந்து வந்த வழி ஆறாக ஓடியது. ஷிஜாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நீச்சல் தெரியாத மின்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். லிமியிடம், "நீ நீச்சல்காரிதானே, என் பின்னாலயே வா" என்றேன். "சரிப்பா" என்றாள். நெஞ்சளவு தண்ணீர் வந்தபோது திரும்பிப் பார்த்தேன். அவள் என் பின்னால் இல்லை. பக்கவாட்டில் நாற்பது மீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். கரையைப் பார்த்து, நான் சொல்லிக் கொடுத்தபடியே, கைகளைச் சரியாக வீசி நீந்திக்கொண்டுதான் இருந்தாள். அப்படி நீந்த நீந்தவே தூரம் போனாள்.

ஷோமாரி மணலில் கிடந்த படகைத் தனி ஆளாகத் தள்ளி இறக்கிக்கொண்டு வந்தார். எங்கள் மூவரையும் ஏற்றினார். அதன் பிறகு லிமி போன திசையில் பொழுது சாயும்வரை தேடினார். மறுநாள் மதியம் அலையாத்திக் காட்டு ஓரத்தில் மீனவர்கள் அவளைக் கண்டெடுத்தார்கள்.

ஞாயிறு மாலை இங்கே என்னிடம், "காவலர் எச்சரித்தாரா?" என்று கேட்டபோது மின்சா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். அதனால் "இல்லை" என்றேன்.

அடக்கம் முடிந்த மறுநாள், அதாவது நேற்று, ஷோமாரியின் மனைவி ஒரு பானை கஞ்சியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மின்சா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஷிஜா மட்டும் இரண்டு குவளை வாங்கிக் குடித்தான். போகும்போது அந்த அம்மா வாசலில் நின்று, "எல்லாருக்கும் சொல்ற மனுசன் தம்பி அவரு. உங்களுக்கு மட்டும் சொல்லலையா?" என்று என்னைக் கேட்டார்.

ஷோமாரி மீது எந்தக் குற்றமும் இல்லை. அவரை விட்டுவிடுங்கள். என் மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். லிமி எழுதிய காலண்டர் தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் ஐந்தாவது வரியில் "மறுபடியும் ஷிஜா" என்று எழுதி, இடத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறாள்.

மின்சா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஷோமாரிக்குத் தண்டனை வாங்கித் தரத்தான் நான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே, இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டும்போது கதவைத் திறந்து வைத்து, அவள் காதில் விழும்படி உரக்கப் படிக்குமாறு கேட்டுக்கொண்டேன். அவ்வாறே படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னது இவ்வளவுதான், சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, இதில் பொய் இல்லை.

(ஒப்பம்)
நக்வாபி லுஷிங்கே