லோரிக்காகப் பிரித்த கூடாரம்

மெர்லிமாவிலிருந்து மலாக்காவுக்குப் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்த இளம்பெண் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னாள்:

"தண்ணி லோரிக்காகத்தான் அப்பாவ காலையிலேயே எடுத்துட்டோம் அக்கா."

"என்னம்மா சொல்ற?"

"ஒரு வாரமா பைப்புல தண்ணி இல்ல. சாவுக் கூடாரம் ரோட்ட அடைச்சிக்கிட்டதால லோரி திரும்பிப் போயிருச்சு. பக்கத்து வீடுங்கள்ல எல்லாம் சின்னப் புள்ளைங்க. யாரும் சண்டைக்கு வரல. அப்பாவ கும்புட்டுட்டு, எப்ப எடுப்பீங்கன்னு மட்டும் கேட்டாங்க."

"சிங்கப்பூர்ல இருக்கிற அண்ணன்?"

"ஜொகூர் பாலத்துல ஜேம், காரு நகரவே இல்ல. நான் வர்ற வரைக்கும் வைங்கன்னாரு. அம்மாதான் எடுக்கச் சொல்லிட்டாங்க. அண்ணனுக்குப் போன் பண்ண யாருக்கும் மனசு வரல."

"புது நீர்த்தேக்கம் கட்டி முடிச்சா இந்தக் கஷ்டம் இருக்காதுன்னு சொல்றாங்களே."

"கட்டட்டும் அக்கா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்:

"கூடாரத்தப் பிரிச்சதும் லோரி வந்துச்சு. அது பின்னாடியே அண்ணன் காரு. லோரி நின்னதால அவரால உள்ள வர முடியல. வீடு கழுவ அம்மா வாளியோட வரிசையில நின்னாங்க. அவங்களப் பார்த்துத்தான் அப்பாவ எடுத்தாச்சுன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சுது."