கல்லறைக் காவலில் உறங்கியவன்

உங்கள் வாசலில் பாரா நிற்கிற போலீஸ்காரரின் இடது பூட்ஸில் ஆணி இரண்டு விழுந்துவிட்டது, இன்ஸ்பெக்டர் ஐயா. நடக்கிற சத்தத்திலேயே தெரிகிறது. நேரமிருக்கும்போது அடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரோமாபுரிப் படை பாதி உலகத்தைப் பிடித்தது வாளால் இல்லை, செருப்பில் அடித்த ஆணியால்தான். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கிறிஸ்துராஜ். கொடைரோடு ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். அதற்கு முன்னால் பட்டாளம். சண்டை போட்டேன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இத்தாலியில் கோவேறு கழுதைகளுக்குக் கொள்ளு அளந்து போட்டேன், அவ்வளவுதான். ரோமில் ஒரு நாள் லீவு கொடுத்தார்கள். மற்றவர்கள் எங்கெங்கோ போனார்கள். நான் ஒரு பழைய கல்தூணுக்குக் கீழே நின்றுவிட்டேன். அடியிலிருந்து உச்சிவரை சிப்பாய்களைச் செதுக்கி வைத்திருந்தான். பாலம் கட்டுகிறார்கள், மரம் வெட்டுகிறார்கள், அகழி தோண்டுகிறார்கள். ஒருத்தன்கூடச் சும்மா நிற்கவில்லை. அன்றைக்குப் பிடித்த கழுத்துவலி இன்றுவரை விடவில்லை.

ஊருக்கு வந்து மெட்ராஸிலிருந்து பழைய புத்தகங்களாகத் தருவித்தேன். முதலில் பொழுதுபோக்கு. பிறகு சாப்பாட்டுத் தட்டில் சோற்றைப் பரப்பி, ரோம்மேல் படையெடுத்துவந்த ஹன்னிபாலின் யானைப்படைக்குக் கத்தரிக்காயை நிறுத்தினேன்.

“அந்த யானையைச் சட்டுன்னு தின்னு முடிங்க, வெஞ்சனம் ஆறிப்போச்சு” என்பாள் ஆனந்தமேரி, என் மனைவி. “உங்க ரோமாபுரிக்காரன் எவனாச்சும் ரேஷன் கடையில நின்னு சீனி வாங்கியாருவானா?”

எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. கோபத்தை அவள் கத்தரிக்காய் மேல் காட்டுவாள். நான் புத்தகத்துக்குள் போய்விடுவேன்.

எங்கள் ஊர் வத்தலக்குண்டு ரோட்டில் இருக்கிறது. தவக்காலம் முடிகிற வாரத்தில் கோயில் மைதானத்தில் பாஸ்கா போடுவோம். இயேசுவின் பாடுகளை நடிக்கிற நாடகம். சுத்துப்பட்டு ஜனமெல்லாம் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வரும். அதில் ரோமாபுரிச் சேவகர்கள் என்று சில பையன்கள் டால்டா டின்னைத் தட்டி நெஞ்சில் மாட்டிக்கொண்டு, பீடி குடித்தபடி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்பார்கள். பார்க்க எனக்கு வயிறு எரியும். ரிட்டயர் ஆன வருஷமே நூற்றுவர் தலைவன் வேஷத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் சொல்லித் தகட்டுக் கவசம் அடித்தேன். வறண்டுகிடந்த கண்மாய்க்குள் ஒரு கம்பம் நட்டு, சாக்குக்குள் மணலை அடைத்துத் தடி செய்து, பையன்களை அதில் அடித்துப் பழகச் சொன்னேன். ரோமில் புதுச் சிப்பாய்க்கு நிஜ ஆயுதத்தைப்போல் இருமடங்கு கனத்தில்தான் பயிற்சி. அதைத் தூக்கிப் பழகியவனுக்கு நிஜ வாள் மயிலிறகு மாதிரி இருக்கும். மூட்டை முடிச்சோடு அவர்களை வத்தலக்குண்டுவரை அணிவகுத்து நடத்தினேன். பஸ் ஸ்டாண்டே எழுந்து நின்றது.

“ஏப்பு, எந்த நாடகக் கம்பெனி? டிக்கெட் எம்புட்டு?” என்றார் ஒரு கண்டக்டர்.

“கம்பெனி இல்லண்ணே, லீஜியன்” என்றான் பாக்கியராஜ். ரோமாபுரிப் படைப்பிரிவுக்கு அதுதான் பெயர் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். இருந்தாலும் அன்றைக்கு எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பாக்கியராஜ் என் அண்ணன் மகன். அண்ணன் காலமாகிவிட்டார். லூர்தம்மாள் மதினிதான் அவனை வளர்த்தார். திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்பில் அவனுக்கு இராவேலை. நல்ல தோள், நல்ல குரல். அவன் காலெடுத்து வைத்தால் மற்றவர்கள் தானாகக் காலெடுத்து வைப்பார்கள். ஆண்டவருடைய கல்லறைக் காவலுக்கு அவனைத்தான் போட்டேன்.

போன வருஷம் உயிர்ப்புக் காட்சியில் அவன் உறங்கிவிட்டான். நடிப்பு இல்லை ஐயா, அசல் உறக்கம். முந்தின ராவெல்லாம் வேலை பார்த்துவிட்டுக் கண்மூடாமல் வந்திருந்தான். வேட்டுச் சத்தம் கேட்டது, கல் புரண்டது, சம்மனசு, அதாவது தேவதூதர், கயிற்றில் இறங்கிவந்தார். மற்ற காவலர்கள் நடுங்கி விழுந்தார்கள். இவன் ஈட்டியைக் கட்டிக்கொண்டு குறட்டை விட்டான். ஆண்டவர் உயிர்த்து அவனைத் தாண்டிப் போக வேண்டியதாயிற்று. ஜனம் சிரித்த சிரிப்பில் சிறுமலையிலிருந்து ரெண்டு பாறை உருண்டிருக்கும். அதற்குப் பிறகு நான் கடைக்குப் போனாலும் பூசைக்குப் போனாலும் யாராவது ஒருத்தன் பின்னால் நின்று குறட்டை விடுவான். பங்குச் சாமியாரே பிரசங்கத்தில் சிரித்துவிட்டு, “வர்ற வருஷம் சேவகர்களைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்” என்றார்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். இந்தத் தவக்காலம் ஆரம்பித்ததும் பாக்கியராஜ் வீட்டுக்கு வந்தான்.

“சித்தப்பா, கோயம்புத்தூர் மில்லுல எடம் கெடைச்சிருக்கு. நம்ம பயலுக எல்லாத்துக்கும் பேசிட்டேன். அடுத்த வாரம் கெளம்புறோம்.”

“பாஸ்கா?”

“அதுக்கு வேற ஆளைப் பாருங்க சித்தப்பா. எம்புட்டு நாளைக்குத் தோல் ஊற வைக்கிறது? கையைப் பாருங்க, கழுவுனாலும் நாத்தம் போகல.”

நான் கெஞ்சினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரியவன் சின்னவனிடம் எப்படியெல்லாம் கெஞ்சக்கூடாதோ அப்படியெல்லாம் கெஞ்சினேன். என் பென்ஷனில் பாதியைத் தருகிறேன் என்றேன். வீட்டை எழுதிவைக்கிறேன் என்றேன். கடைசியில் அவன் காலைத் தொடப்போனேன். அவன் பதறி என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, “சித்தி, இவரைச் செத்த நேரம் பார்த்துக்கங்க” என்று உள்ளே குரல் கொடுத்தான். அந்தக் குரலில் இரக்கம் இருந்தது. குறட்டையைக்கூடத் தாங்கினேன். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அவர்கள் போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள். கத்தரிக்காய்தான்.

புத்தகத்தில் வழி இருந்தது. ரோமில் காவலில் உறங்கியவனைப் படைத்தலைவன் அடிக்கமாட்டான். ஒரு தடியால் அவனை லேசாகத் தொடுவான். அது உத்தரவு. மிச்சத்தை அவனோடு ஒரே கூடாரத்தில் படுத்தெழுந்த தோழர்கள் தடியால் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் படையிலிருந்து ஒருவனும் விலக மாட்டான். ஒருத்தரை ஒருத்தர் விடமுடியாதபடி அது கட்டிப்போட்டுவிடும். இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பாஸ்காவில் ஆண்டவரை அடிக்கிற காட்சிக்குச் சாக்குத் துணியில் இலவம்பஞ்சு அடைத்த தடிகள் உண்டு. ஓங்கி அடித்தாலும் உறைக்காது. அவையெல்லாம் என் வீட்டுப் பரணில்தான் இருக்கும். ஒரு மத்தியானம் அவற்றை இறக்கிப் பிரித்து, கோணி ஊசியால் திரும்பத் தைத்தேன். ஆனந்தமேரி எட்டிப் பார்த்தாள்.

“என்ன, தலகாணியா தைக்கிறீக? யாருக்கு?”

“தூங்குறவனுக்கு” என்றேன். சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பையன்களைக் கண்மாய்க்குக் கூப்பிட்டேன். போவதற்கு முன்னால் எனக்காக ஒரே ஒரு புதுக்காட்சி பழகிக்காட்டுங்கள், உங்களுக்குப் பதிலாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். தூங்கிய காவலாளிக்குத் தண்டனை என்றதும் எல்லோருக்கும் ஒரே குஷி.

“ஏலே, குறட்டை ராசாவுக்கு இன்னைக்குத்தான்டா தீர்ப்பு” என்றான் ஒருவன்.

“அடிங்கடா, சித்தப்பா மனசு ஆறட்டும். அந்தக் கடனைத் தீர்த்துட்டே ரயிலேறுறேன்” என்று பாக்கியராஜே முன்னால் வந்து முழங்காலில் நின்றான். கவசத்தை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தான். அவன் பேசவேண்டிய வசனத்தையும் நானே கொடுத்தேன்: ‘வலிக்குது, விட்டுருங்கடா, செத்துருவேன்.’ தொண்டை கிழியக் கத்தினால்தான் பின்வரிசை ஜனத்துக்குக் கேட்கும் என்றேன். மற்றவர்களிடம், நான் கையைத் தூக்குகிறவரை நிறுத்தக்கூடாது, வரிசை கலையக்கூடாது என்றேன்.

பிறகு தலைவன் வேஷத்துக்கு வைத்திருந்த என் கோலால் அவன் தோளை லேசாகத் தொட்டேன். சத்தியமாக நான் செய்தது அவ்வளவுதான்.

பஞ்சை முழுக்க எடுத்துவிடவில்லை. மேலே ஒரு சுற்றுப் பஞ்சு இருந்தது, உள்ளே கருவேலங்கட்டை. மணல் தடி தூக்கிப் பழகிய கைகளுக்குக் கனம் தெரியவில்லை. ரோமாபுரிக்காரன் சொன்னது எத்தனை சரி பாருங்கள். முதல் அடி முதுகில் விழுந்தபோதே பாக்கியராஜ் வசனத்தைச் சொல்லத் தொடங்கினான். “அடேயப்பா, நடிப்பைப் பாருடா” என்று பையன்கள் சிரித்துக்கொண்டே அடித்தார்கள். அவன், “சித்தப்பா, நிப்பாட்டச் சொல்லுங்க” என்றும் சொன்னான். அது வசனத்தில் இல்லாதது. எனக்கு மட்டும்தான் அது தெரியும். நான் கையைத் தூக்கவில்லை. வரிசை அவ்வளவு அழகாக இருந்தது ஐயா, அந்தக் கல்தூணில் பார்த்த மாதிரியே. அவன் மண்ணில் முகம் குப்புற விழுந்து, வசனம் நின்று, யாரோ ஒருவன் தடியைப் போட்டுவிட்டு அவனைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் கலைந்தது.

பையன்கள்மேல் குற்றம் இல்லை. அவர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் பஞ்சால்தான் அடித்தார்கள். கட்டையை வைத்துத் தைத்தது நான். அவன் செத்துப்போவான் என்று தெரிந்தே தைத்தேன். என் கையெழுத்தை எங்கே போடச் சொல்கிறீர்களோ போடுகிறேன்.

லூர்தம்மாள் மதினி வெளியே உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றிச் சபிப்பது இங்கேவரை கேட்கிறது. அவர் கேட்டால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். ரோமில் அந்த அடிக்குத் தப்பிப் பிழைத்தவனைத் திரும்பப் படையில் சேர்க்கமாட்டார்கள், பெற்றவள்கூட வாசலில் ஏற்றக்கூடாது. நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை. பாக்கியராஜ் பிழைத்து எழுந்திருந்தால், அவனை அதே கல்லறைக் காவலுக்குத்தான் போட்டிருப்பேன்.