டாக்டர் இடிமுழக்கம்

இல்லீங்க, வரிசையாத்தான் சொல்லணும். அப்பத்தான் அநியாயம் புரியும். ஒண்ணு, இந்தப் பதிவு ஆபீஸ் வாசல்லயே என் பேனாவை வாங்கி வெச்சுகிட்டாங்க. பேனாங்க, கத்தி இல்ல! ரெண்டு, எனக்கு நாப்பத்தொண்ணாம் நம்பர் குடுத்துட்டு நாப்பத்தஞ்சைக் கூப்பிட்டாங்க. மூணு, அதைக் கேட்டா, "பெரியவரே, உக்காருங்க"ங்கறாங்க. என்னை உக்கார வைக்க லத்தியாலயே முடியல! நாலாவதுதான் பெருசு. எம்பொண்ணு குடும்பப் பேரை மாத்த இங்க மனு குடுத்திருக்கா. நான் ஆட்சேபம் சொல்ல வந்திருக்கேன். ரெண்டு சாட்சி வேணுமாம். ஒண்ணு எதிர்க்கடை டீக்காரர், இன்னொண்ணு நீங்க. எந்திரிக்காதீங்க, உங்க நம்பர் இப்போதைக்கு வராது.

இடிமுழக்கம்! எப்பேர்ப்பட்ட பேரு! ஊரு பூரா தேடுங்க, எங்க வீட்டுல மட்டும்தான். அவ பல் டாக்டர். அவ "வாயத் திறங்க"ன்னா பக்கத்துல நிக்கற நர்சுக்கே கேக்காது. வாசல்ல போர்டு, டாக்டர் இடிமுழக்கம். பல்வலியோட வர்றவன் அதைப் படிச்சதும் வலியே போயிடுச்சுன்னு திரும்பிடறானாம். அதுக்காக? ஏழு தலைமுறைப் பேருங்க!

...சரி, ஏழு இல்ல. அப்படிப் பாக்காதீங்க. அவளும் இப்படித்தான் பாத்தா, இங்க பழைய பதிவேட்டைப் புரட்டிட்டு வந்து. "அப்பா, நீங்க பொறந்த பதிவுல குடும்பப் பேரு தையல்காரர்னு போட்டிருக்கே?"ன்னா.

அப்போ நான் எளவட்டம், மில்லுல வேலைநிறுத்தம். நோட்டீஸுக்கு அடியில போட ஒரு பேரு வேணும், இடிமுழக்கம்னு நானே வெச்சேன். புடிச்சிட்டுப் போன போலீஸ்காரன் அதையே எழுதிகிட்டான். அப்புறம் என் கல்யாணப் பதிவு, இவ பொறந்த பதிவு, எல்லாத்துலயும் அதான். எங்கப்பாவா? பேரும் தையல்காரர், தொழிலும் அதான். முதலாளி கொண்டாந்த அடியாளுங்களுக்கு யூனிஃபார்ம் தைச்சாரு. "உம்பேரே எனக்கு வேண்டாம்"னேன். அவரு நூலைப் பல்லால கடிச்சு அறுத்துட்டு, "சரிப்பா, வேண்டாம். வெளிய குளுரு, இதைப் போட்டுகிட்டுப் போ"ன்னு ஒரு கோட்டை நீட்டினாரு. அதைப் போட்டுகிட்டுதாங்க... அவரைத் திட்டி அந்த நோட்டீஸையே எழுதினேன். அன்னியிலிருந்து அந்தப் பேரை நான் வாயால சொன்னதில்ல.

ஆங், நம்மளத்தான் கூப்பிடறாங்க! டீக்காரரே, கிளாசை வெச்சிட்டு வாங்க. என்ன மேடம்? ஆட்சேபிக்கறவரு மொதல்ல புதுப் பேரைச் சாட்சிங்க முன்னாடி வாசிக்கணுமா? குடுங்க. மைக் இல்லாம மைதானத்துக்கே கேக்க வெச்ச தொண்டை இது! மனுதாரரோட... இருங்க, கண்ணாடியத் தொடைச்சுக்கறேன்... குடும்பப் பேரு, தையல்காரர்.

ஆட்சேபமா? அது கெடக்கட்டும் மேடம். என்ன, சாட்சிக்குக் கேக்கலியா? இன்னொரு தடவை வாசிக்கறேன்.

தையல்காரர்.