ஏழாவது முழுக்கு

எங்கள் சபையின் ஞானஸ்நானத் தொட்டி நிரம்ப இரண்டரை மணித்தியாலம் செல்லும். குழாயில் வேகம் குறைந்த நாளென்றால் மூன்று. பகல் வெயிலில் நிரப்பினால் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும். வயதானவர்களுக்கு அதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். செயலாளர் என்ற முறையில் இருபத்தாறு வருடமாக அந்தக் குழாயைத் திறந்து மூடியவன் நான்.

இதை என் கையாலேயே எழுதுகிறேன். இங்கே பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் ஷரிபுதீன், நான் சொல்லச் சொல்லத் தானே எழுதத்தான் தொடங்கினார். இரண்டாம் வரியில் ‘முழுக்கு’ என்பதை ‘முலுக்கு’ என்று எழுதினார். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவர், அப்போதும் இப்படித்தான். நான் பேனாவைக் கேட்டேன்.

“நீங்களே எழுதுங்க சேர்,” என்று தாளை என் பக்கம் தள்ளினார். “ஆனா நடந்தத மட்டும் எழுதணும்.”

ஒரு வரலாற்றாசிரியனிடம் சொல்கிற பேச்சா இது. போகட்டும்.

என் பெயர் நேசராசா. வயது எழுபத்தொன்று. ஓய்வுபெற்ற பிரதி அதிபர். எங்கள் யோர்தான் பப்டிஸ்ட் சபை, கல்முனையில் கடற்கரைக்குப் போகும் ஓர் ஒழுங்கையில், ஒரு தளபாடக் கடைக்கும் ஹாஜறா உம்மாவின் இடியப்பக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஊரில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘தொட்டிச் சேர்ச்’ என்றால் முச்சக்கரவண்டிக்காரர் கொண்டுவந்து விடுவார். உறுப்பினர் நூற்றுப் பதினெட்டுப் பேர். அவர்களில் நாற்பது பேர் கட்டாரிலும் கனடாவிலும் இருந்துகொண்டு விசுவாசத்தில் நிலைத்திருக்கிறார்கள்.

இந்தச் சபையின் நூற்றாண்டு வரலாற்றை நான் பதினான்கு வருடம் உழைத்து எழுதினேன். சின்ன ஊரின் சபைக்கு வரலாறு எழுதுவது இலேசான வேலை அல்ல. நூறு வருடத்தில் நடந்தவை இவைதான்: ஆர்மோனியம் இரண்டு தரம் களவு போனது. மின்விசிறி பூட்டுவது வேதத்துக்கு ஒத்ததா என்ற கேள்வியில் சபை ஒருமுறை இரண்டாகப் பிரிந்து, அடுத்த சித்திரை வெயிலில் மறுபடி ஒன்று சேர்ந்தது. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கூரையைக் கொண்டுபோய் நாவிதன்வெளிப் பக்கம் யாரோ ஒருவரின் வயலில் போட்டது. ஒரு போதகர் அரை மணித்தியாலத்தில் வருகிறேன் என்று ஓர் அரிசி ஆலைக்காரரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போனார்; அவரும் வரவில்லை, பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடிய பெண்ணும் வரவில்லை. இவையெல்லாவற்றையும் ‘சோதனைக் காலம்’ என்ற ஒரே அத்தியாயத்தில் அடக்கினேன்.

ஆகவே புத்தகத்தைத் தாங்கி நிற்பது முதல் அத்தியாயம். ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு, ஹொலிஸ் துரை என்ற வெள்ளைக்காரப் போதகர் பெரியநீலாவணைக் கடலில் ஏழு பேருக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆறு பேர் கரையிலிருந்து இறங்கிப் போனவர்கள். ஏழாவது ஆள் கடலிலிருந்தே வந்தார். தோணியில் நின்ற ஒரு மீனவர், போதகரின் குரலைக் கேட்டு, துடுப்பை எறிந்துவிட்டு அலைக்குள் குதித்தார் என்று எழுதினேன். அவர் வைரமுத்து, ஞானஸ்நானத்தின் பின் ஆபிரகாம் வைரமுத்து, என் அப்பாவைப் பெற்றவர். வெள்ளையுடுப்பில் அவர் அலைமேல் எழும்பி வருகிற மாதிரிப் படம் வரைவித்து அட்டையில் போட்டேன். கால்கள் தண்ணீரில் படவில்லை. ஓவியர் கொஞ்சம் கூட்டிவிட்டார். நான் திருத்தச் சொல்லவில்லை.

இனி கந்தப்போடியர்.

அவர் பெரியநீலாவணைக்காரர், எழுபத்தெட்டு வயது, அறுபது வருடம் கடலில் கிடந்தவர். மகள் துசாந்தினி எங்கள் சபையில் கலியாணம் முடித்தவள். மனைவி வல்லியம்மை இறந்த பிறகு, ஞாயிறுகளில் மகளோடு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பார். பாட்டு வந்தால் சொல் தெரியாமலே உரத்துப் பாடுவார். யாரிடமும் ஒரு கெட்ட குணமும் கண்டுபிடிக்காத மனிதர். எல்லாவற்றுக்கும் சிரிப்பார். அவர் சிரித்தால் தோள், வயிறு, தொண்டை எல்லாம் சேர்ந்து குலுங்கும். பக்கத்தில் இருப்பவனுக்கும் தொற்றும். எனக்குத் தொற்றியதில்லை.

அவருக்கு ஞானஸ்நானம் எடுக்க ஆசை வந்தது. எங்கள் போதகர் தர்மிகன், முப்பத்து நான்கு வயது, கிற்றார் வாசிப்பவர், நூற்றாண்டு ஆராதனையிலேயே செய்வோம் என்று சந்தோஷப்பட்டார். எங்கள் வழக்கப்படி, தொட்டியில் இறங்குமுன் சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்லவேண்டும். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று போதகர் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“எங்கட அப்பா காளிக்குட்டி சொன்ன கதையத்தான் சொல்லப் போறன்,” என்றார் கந்தப்போடியர். “அண்டைக்கு அந்தத் தோணில வைரமுத்தரோட நிண்டது அவர்தானே.”

சொல்லவும் செய்தார். வைரமுத்தர் அன்று காலையிலேயே நிறையக் கள்ளுக் குடித்திருந்தார். குரலும் கேட்கவில்லை, அழைப்பும் கேட்கவில்லை; அலை அடித்ததும் தோணியிலிருந்து தலைகீழாக விழுந்தார். அதே அலை ஹொலிஸ் துரையின் கண்ணாடியையும் கொண்டுபோய்விட்டது. கண் தெரியாத துரை, கையில் அகப்பட்ட தலையை ஏழாவது விசுவாசி என்று நினைத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரால் அமுக்கினார்.

“வைரமுத்தர் என்ன நினைச்சவரெண்டா, வெள்ளக்காரன் தன்னக் கொல்லப் பாக்கான் எண்டு. துரைட கையில ஒரு கடி! ரெத்தம் வந்திட்டாம். துரை அத ஆவி இறங்கினதெண்டு நினைச்சு இன்னொருக்கா அமுக்கினவர்!”

பிறகு கரையில் ஏழு பேருக்கும் புது வேட்டியும் ஆட்டிறைச்சிச் சோறும் இருந்ததாம். வைரமுத்தர் வரிசையில் நின்றுவிட்டாராம். அடுத்த வருடமும் அம்மன் கோயிலில் தீ மிதித்தாராம், அந்தப் புது வேட்டியோடேயே.

போதகர் கதிரையிலிருந்து வழுக்கி விழுகிற அளவுக்குச் சிரித்தார். தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஐயோ, இத அப்பிடியே சபையில சொல்லுங்க,” என்றார்.

இந்த இடத்தில் ஷரிபுதீன் என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு, “அதானா சேர் உங்களுக்குக் ‘கடியன்’ எண்டு பேர்?” என்று கேட்டார். நான் கண்டிப்பான ஆசிரியர் என்பதால் பிள்ளைகள் அப்படிச் சொல்கிறார்கள் என்றே முப்பத்தொரு வருடம் நினைத்திருந்தேன். என் அப்பாவுக்கும் அந்தப் பெயர் இருந்தது. அவர் தபாற்கந்தோரில் முத்திரை விற்றவர், யாரையும் கண்டித்ததில்லை.

நான் முதலில் நியாயமான வழிகளைத்தான் தேடினேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். கந்தப்போடியரின் வீட்டுக்கு மூன்று தரம் போனேன். வேறொரு சாட்சியை எளிய வசனங்களில் எழுதி வாசித்துக் காட்டினேன். கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருவார்கள், பள்ளிவாசல் தலைவரும் கோயிலை நடத்தும் வண்ணக்கரும் முன்வரிசையில் இருப்பார்கள் என்று விளக்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார். கடைசித் தரம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாஸ்டர், பொய்யச் சொல்லிப்போட்டு நான் எப்பிடித் தண்ணிக்குள்ள இறங்குற? உங்கட அப்பப்பா கள்ளு வெறியில விழுந்தவர்தான். ஆனா விழுந்தவரையும் ஆண்டவர் விடல்லத்தானே. நல்ல கதையெல்லோ அது?”

அவர் அதை உண்மையாகவே நல்ல கதை என்று நினைத்தார். அதுதான் கஷ்டம். கெட்ட எண்ணம் உள்ளவனோடு பேரம் பேசலாம்.

நூற்றாண்டு ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை பின்னேரம், ஒத்திகைக்கு வரச் சொன்னேன். வயதானவர்களுக்கு ஒத்திகை தேவை; மல்லாக்கச் சாய்க்கும்போது பயந்துவிடுவார்கள். போதகர் ஒலிபெருக்கி எடுக்க அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தார். முற்றத்தில் பந்தற்கார அஸ்கியும் அவனுடைய ஆட்களும் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு.

அதன் பிறகு நடந்ததாக ஊர் அறிந்தது இது: கந்தப்போடியர் தொட்டிக்குள் மயங்கிவிட்டார், நான் தூக்க முயன்றேன், முடியவில்லை, கூப்பிட்டேன். அஸ்கிதான் சுத்தியலோடு முதலில் ஓடிவந்தான். “யா அல்லாஹ், போடியார்!” என்று உடுப்போடேயே குதித்து அவரைக் கரையேற்றி, வாயில் வாய் வைத்து ஊதினான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஊதிக்கொண்டே போனான். முன்பே நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து எடுத்தவர் என்பதால் மரண விசாரணை நீளவில்லை. தற்செயல் மரணம்.

அடக்க ஆராதனையில் நானே பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று பலர் சொன்னார்கள். துசாந்தினி என்னிடம் வந்தாள்.

“அப்பா கடைசியா ஏதும் சொன்னவரா மாஸ்டர்?”

“‘சமாதானம்’ என்று சொன்னார், மகள்,” என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. நான் ஒரு குடும்பத்துக்குச் செய்த உதவியாகவே அதைக் கருதுகிறேன்.

நூற்றாண்டு விழா ஒரு மாதம் பிந்தி நடந்தது. புத்தகம் வெளியிடப்பட்டது. அட்டைப்படத்தை எல்லோரும் பாராட்டினார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கவேண்டும்.

ஆனால் சனங்கள் இருக்கிறார்கள். தொட்டித் தண்ணீரை நான் திறந்துவிடுமுன் யாரோ ஒரு போத்தல் அள்ளியிருக்கிறார்கள். ஒரு கிழவியின் கால்வீக்கம் வற்றியது. ஒரு பெண்ணுக்கு விசா வந்தது. பிறகு வரிசை. குழாய்த் தண்ணீரை ஊற்ற ஊற்ற அள்ளினார்கள். சம்மாந்துறையிலிருந்து ஒருவர் டிராக்டரில் வந்து மூன்று பிளாஸ்டிக் கான் நிறைத்துக்கொண்டு போனார், வயலில் பூச்சியாம். மௌலவிக்குத் தெரியவேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். மின்விசிறிக்கு வேத வசனம் கேட்ட சபை, இதற்கு ஒரு வசனமும் கேட்கவில்லை.

போன மாதம் நன்றி ஆராதனை ஒன்று வைத்தார்கள். துசாந்தினி மேடையேறி, அப்பா சொல்ல ஆசைப்பட்ட சாட்சியைத் தான் சொல்கிறேன் என்று தொடங்கினாள். கள்ளு, கண்ணாடி, கடி, வேட்டி, தீமிதிப்பு, ஒன்றையும் விடவில்லை. அப்பாவைப் போலவே தோளைக் குலுக்கிச் சொன்னாள். சபை முழுதும் சிரித்தது, அழுதது, மறுபடி சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக வந்து என் கையைக் குலுக்கி, “என்ன அருமையான அப்பப்பா மாஸ்டர் உங்கட,” என்றார்கள். கேலியாகச் சொல்லவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

இரண்டாம் பதிப்பு வருகிறது. போதகர் பிரதியைக் காட்டினார். அட்டையில் கந்தப்போடியரின் படம். முதல் அத்தியாயம் துசாந்தினி சொன்னபடியே. கடைசி அத்தியாயம் புதிது: ‘நூற்றாண்டின் தொட்டியில் ஆண்டவர் தம் அடியானைத் தம் கரங்களில் எடுத்துக்கொண்டார்.’ ஆசிரியர் என்று என் பெயரை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள், மரியாதைக்கு.

என் பெயரில் ஒரு பிழையான வசனம் அச்சேற நான் சம்மதிக்க முடியாது. அதனால்தான் இன்று காலை இங்கே வந்தேன். மனச்சாட்சி உறுத்தியதா என்று ஷரிபுதீன் கேட்டார். இல்லை. திருத்தம் கொடுக்க வந்தேன். அந்தக் கரங்கள் என்னுடையவை. இடது கை பிடரியில், வலது கை நெஞ்சில்.

கந்தப்போடியர் படியில் இறங்கும்போது, “அறுபது வருசம் கடல் என்னக் கொண்டுபோகல்ல, இந்தச் சின்னத் தொட்டிக்குப் பயப்பிடுறனே மாஸ்டர்,” என்று சிரித்தார். பயப்படாதீர்கள் அண்ணன், போதும் என்றால் என் கையில் தட்டுங்கள் என்றேன். நான் ‘பிதாவின் பெயரால்’ என்று தொடங்கினேன். ஒத்திகையானாலும் ஒழுங்காகச் செய்யவேண்டும். அவர் முழு நம்பிக்கையோடு என் கையில் சாய்ந்தார். பாரமே இல்லை.

ஷரிபுதீன் இப்போது வாசிப்பதை நிறுத்திவிட்டார். கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்கிறார்: “அவர் தட்டல்லயா சேர்?”

தட்டினார். பதினொரு தரம். முதல் மூன்றும் மெதுவாக, நாங்கள் பேசிக்கொண்டபடி. பிறகு வேகமாக. அவருடைய தோளும் வயிறும் தண்ணீருக்குள் குலுங்கின. அவர் சிரிக்கிறார் என்றே நான் நினைத்தேன் என்று இங்கே பதிவு இருக்கட்டும். வரலாற்றுக்கு அது போதும்.