இடுக்கியின் இரும்பு

"மூணு மாசமா நான் கிறிஸ்டலுக்க காந்தமெண்ணு எழுதி வச்சது, அத எடுக்குற ஸ்டீல் இடுக்கியில இருந்து உதிர்ந்த இரும்பாக்கும் அப்பா."

பாறசாலையில் நான் ஏறிய காலை ரயிலில், எதிர் இருக்கையில் இருந்த ஆராய்ச்சி மாணவி சொன்னாள். பக்கத்தில் இருந்த தகப்பனார் பொழியூர்க்காரர். கடல் எடுத்த வீட்டுக்காக நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசில் மனு கொடுக்கப் போவதாக ஏறியபோதே சொல்லியிருந்தார்.

"அப்ப உனக்க கிறிஸ்டல் கெட்டுப்போச்சா?"

"இல்ல. டங்ஸ்டன் ஆக்சைடில கோபால்ட்டும் ஒரு ஆர்கானிக் பொருளும் சேத்து வளத்தது, அது நல்லாத்தான் உண்டு. அளக்கதுக்கு நான் அத ஸ்டீல் இடுக்கியால எடுத்துப்போட்டேன், அதுக்க இரும்புத்தூளு ஒட்டிப்போச்சு. போன வாரம் பிளாஸ்டிக் கரண்டியால எடுத்து அளந்தேன். அந்தப் பலத்த காந்தம் காணல்ல."

"உனக்க சாருக்குத் தெரியுமா?"

"தெரியாது. அந்தக் காந்தக் கணக்க வச்சு நாளைக்கு ஆராய்ச்சிப் பேப்பர் அனுப்பப் போறாரு. நான் சொன்னாத்தான் தெரியும்."

"சொல்லாட்டி?"

"ஆருக்கும் தெரியாது."

நெய்யாற்றின்கரையில் வண்டி நின்றது. அவர் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், எழுந்திருக்கவில்லை.

"அப்பா, ஸ்டேஷன் வந்தாச்சு."

"மனுவ நாளைக்கும் குடுக்கலாம் மக்கா. உனக்க லேபுக்கு நானும் வாறேன், நீ உள்ள போய் சார்ட்ட சொல்லு. நான் வாசல்ல நிக்கேன்."