டார்ச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய்

– முறுக்காதீங்க டெய்லர் சார். அது டார்ச், ஈரத்துணி இல்ல.

– அடி மூடி அசைய மாட்டேங்குது சம்பந்தி. காலையிலேர்ந்து மல்லுக்கட்டிப் பாத்துட்டேன், விரல் சிவந்ததுதான் மிச்சம்.

– இங்க குடுங்க. யாரு இடுக்கி போட்டது? பல்லு பதிஞ்சிருக்கு.

– லேசாத்தான் போட்டேன். ஒரே ஒரு தடவை.

– லேசா போட்டதுக்கே இந்தக் காயமா. கிடங்குக் காவல்காரங்க டார்ச் அத்தனையும் நான்தான் பாத்துக்கறேன். ஒருத்தன் இடுக்கியோட கிட்ட வந்ததில்ல.

– அதனாலதானே உங்ககிட்ட வந்தேன். பையன் கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வாசப்படி ஏறாதவன் வந்திருக்கேன்னா என் நிலைமையைப் பாருங்க.

– பாத்தேன், பாத்தேன். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. பொறுங்க, அது மேல கிரீஸ் டப்பா இருக்கு.

– எங்க திரும்பினாலும் டார்ச்சு. ஜன்னல்ல டார்ச்சு, அலமாரியில டார்ச்சு. சம்பந்தியம்மா உயிரோட இருந்திருந்தா மனுஷன் உக்கார ஒரு நாற்காலியாவது மிஞ்சியிருக்கும்.

– உங்க வீடு மட்டும் என்ன வாழுதாம்? தட்டு வைக்கற இடத்துல ஊசி கிடக்கும்னு என் பொண்ணு சொல்லியிருக்கா.

– சொல்லிட்டாளா? சரி, மருமக எங்க?

– பின்னாடி அறையில இருக்கா. கூப்பிடவா?

– வேணாம், வேணாம். முதல்ல இது எரியட்டும். எரியாத டார்ச்சைக் கையில வச்சுக்கிட்டு அவ முகத்துல எப்படி முழிப்பேன்? பையன் லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி வேலை பாக்கற நேரத்துல இது கண்ணே திறக்கலையாம். வீட்டுக்கு வந்து, ‘உங்கப்பா குடுத்த டார்ச்சோட லட்சணத்தைப் பாரு’ன்னான். இவ, ‘குடுத்ததை வச்சுக் காப்பாத்தத் துப்பில்ல’ன்னா. அவ்வளவுதான், மறுநாள் இங்க வந்துட்டா.

– மாப்பிள்ளை அப்படிப் பேசலாமா?

– தப்புதான். நானே நாலு வார்த்தை கேட்டுட்டேன். அவ இல்லாம வீடு வெறிச்சுன்னு கிடக்கு சம்பந்தி. அவ இருந்தா ரேடியோ பாடும், யாராவது எதுக்காவது சிரிப்பாங்க. இப்ப நாங்க ரெண்டு ஆம்பளைங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டுச் சாப்பிடறோம். சகிக்கல. இன்னிக்கு அவளைக் கையோட கூட்டிட்டுப் போகணும்.

– தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஆனா டார்ச் யாரால கெட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இதுல என் பேரு அடிபட்டிருக்கு. அந்தப் பழைய சைக்கிள் ட்யூப் துண்டை எடுங்க. மூடியைச் சுத்திப் பிடிச்சா வழுக்காது. நீங்க தலைப்பக்கம் பிடிங்க.

– பிடிச்சுட்டேன்.

– கண்ணை எதுக்கு மூடிக்கிறீங்க?

– உடைஞ்சுட்டா பாக்க வேணாமேன்னுதான்.

– உடையாது. ம்ம்… வந்துருச்சு. இப்ப இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க.

– எனக்கு ஜலதோஷம்.

– வசதியான ஜலதோஷம். மூடியோட திருகு மரை பூரா எண்ணெய் வழியுது டெய்லர் சார். இந்த ரப்பர் வளையத்தைப் பாருங்க, மழைக்காலத்துக் கதவு மாதிரி உப்பிக் கிடக்கு. அதான் மூடி இறுகிப்போச்சு. இதுக்கு சிலிக்கான் கிரீஸ் தவிர வேற எதுவும் ஆகாது, அதுவும் கடுகளவுதான். கண்ட எண்ணெயைப் போட்டா ரப்பர் ஊறி வீங்கிடும்னு மாப்பிள்ளைகிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். இது தையல் மெஷின் எண்ணெய்.

– அதெப்படி அடிச்சுச் சொல்றீங்க? ஊருல எத்தனையோ எண்ணெய் இருக்கு.

– அந்தக் குப்பி இப்பவும் உங்க சட்டைப் பையில துருத்திக்கிட்டு இருக்கு.

– இது எப்பவும் என்கூடவே இருக்கறது. ஒரு பழக்கம்.

– எவ்வளவு விட்டீங்க?

– மெஷின் மக்கர் பண்ணா ரெண்டு சொட்டு விடுவேன், ஓடிடும். இதுவும் மக்கர் பண்ணிச்சு. புள்ளைங்க சண்டையைப் பாத்து மனசு கேக்கல. கொஞ்சம் தாராளமாவே விட்டுட்டேன்.

– இந்தத் தாராளத்தைக் கல்யாணத்தன்னிக்குக் காட்டியிருக்கலாம்.

– ஆரம்பிச்சுட்டீங்களா?

– ஆரம்பிச்சது நானா? மண்டபத்துல கரண்ட் போனப்ப நான்தானே வீட்டுக்கு ஓடி, இருந்த டார்ச்சை எல்லாம் அள்ளிட்டு வந்து நாலு மூலையிலயும் ஆள் நிறுத்திப் பிடிக்கச் சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க, அத்தனை பேர் முன்னாடி?

– அது சும்மா சிரிப்புக்குச் சொன்னது.

– ‘பொண்ணைக் கட்டிக் குடுக்கறீங்களா, திருடனைத் தேடறீங்களா’ன்னு கேட்டீங்க. மண்டபமே சிரிச்சுது. நான் அன்னிக்கு ஒரு வாய் சாப்பிடல.

– சாப்பிடலையா? அது எனக்குத் தெரியாதே.

– தெரிஞ்சா மட்டும் என்ன பண்ணியிருப்பீங்க?

– கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் என் பக்கத்துல உக்கார வச்சிருப்பேன். எனக்கு வாய் நீளம் சம்பந்தி, அதை அளவா வெட்டத் தெரியல. ஆனா ஒருத்தர் பசியோட இருக்க, நான் சாப்பிட்டு எந்திரிச்சேன்னு இப்பதான் தெரியுது. கஷ்டமா இருக்கு. மன்னிச்சுக்கங்க.

– ம்.

– இன்னொண்ணு. எண்ணெய் விஷயம் மருமக காதுக்குப் போக வேணாம். ‘மாமா கை பட்டா எதுவும் சரியாயிடும்’னு அக்கம்பக்கத்துல எல்லாம் சொல்லி வச்சிருக்கா.

– பொறுங்க. அந்த வெள்ளைத் துணியைக் குடுங்க. அட…

– என்ன, முகம் ஒரு மாதிரி ஆகுது?

– ஒண்ணுமில்ல.

– அப்புறம் எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்க? காட்டுங்க.

– மூடிக்குள்ள ஸ்பிரிங் இல்ல.

– ஸ்பிரிங்னா?

– பேட்டரியை முட்டிக்கிட்டு நிக்குமே, சுருள் கம்பி. அது இல்லைன்னா யாரு வந்து அமுக்கினாலும் எரியாது.

– அப்போ இது எரியாம போனது என் எண்ணெயால இல்ல.

– எண்ணெயால மூடி இறுகிச்சு.

– அதை விடுங்க. அளவா ஒரு கேள்வி கேக்கறேன். இதைக் கடைசியா பிரிச்சது யாரு?

– போன வாரம் புள்ளைங்க ரெண்டு பேரும் வந்திருந்தப்ப துடைச்சுக் குடுத்ததுதான்.

– யாரு துடைச்சது?

– நான்தான்.

– ஸ்பிரிங்கைக் கழட்டியா துடைச்சீங்க?

– எப்பவும் கழட்டித்தான் துடைப்பேன். அன்னிக்கு மேஜை பூரா டார்ச் பிரிச்சுப் போட்டிருந்தேன். திரும்ப மாட்டினேன்னுதான் நினைச்சேன்.

– எரிய வச்சுப் பாக்காமலா குடுத்தீங்க?

– மாப்பிள்ளை அவசரம் அவசரம்னு கையிலேர்ந்து வாங்கிட்டாரு.

– கிடங்குக் காவல்காரங்க டார்ச் அத்தனையும் இவருதான் பாத்துக்கறாராம்.

– மெதுவா பேசுங்க சம்பந்தி, அவ காதுல விழுந்துடப் போகுது.

– என்ன சொன்னீங்க?

– மெதுவா பேசுங்கன்னேன்.

– அதுக்கு அடுத்தது.

– சம்பந்தின்னேன். இப்ப அதுக்கு என்ன?

– ஒண்ணுமில்ல. டெய்லர் சார், டெய்லர் சார்னு கேட்டு, சட்டைக்கு அளவு எடுக்கத்தான் கூப்பிட்டிருக்கீங்களோன்னு நினைச்சுட்டு இருந்தேன். சரி, இப்ப என்ன பண்றது?

– என்கிட்ட வேற ஸ்பிரிங் இருக்கு, புது வளையமும் இருக்கு. மாட்டிட்டு, பேட்டரி தீந்து போச்சுன்னு சொல்லிடலாம். பேட்டரி எதுத்துப் பேசாது.

– பிரமாதம். நான் என்ன செய்யட்டும்?

– அந்தப் பழைய பல் பிரஷ்ஷால மரையைத் தேய்ங்க. எண்ணெய் ஒரு பொட்டு இருக்கக் கூடாது. கிரீஸ் நான் தடவிக்கறேன். அதுக்கு முன்னாடி உங்க குப்பியை எடுத்து அந்த ஜன்னல்ல வைங்க, எனக்கு நிம்மதியா இருக்கும்.

– வச்சுட்டேன். இந்தாங்க, மரை பளபளன்னு இருக்கு.

– கை சுத்தம் உங்களுக்கு. சொல்லாம இருக்கக் கூடாது.

– உங்களுக்கும்தான். வளையத்தை மாட்டற அழகைப் பாத்தா சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கவே விடலாம் போலிருக்கு.

– இப்ப மூடியைத் திருப்புங்க.

– வெண்ணெய் மாதிரி போகுது சம்பந்தி.

– அமுக்குங்க.

– யப்பா, கண்ணு கூசுது. சரி, மருமககிட்ட யாரு பேசறது?

– வாய் நீளம்னு சொன்னது யாரு?

– அம்மாடி, கொஞ்சம் இங்க வாம்மா.

– வந்துட்டேன் மாமா.

– பாரும்மா, எரியுது. பேட்டரிதான் தீந்து போயிருந்துச்சு. வேற ஒரு கோளாறும் இல்ல. உங்கப்பாவைக் கேளு.

– ஆமாம்மா. பேட்டரிதான்.

– பேட்டரி மட்டும்தானாப்பா?

– மட்டும்தான்.

– ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சேர்ந்து சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. கையை நீட்டுங்கப்பா.

– இது ஸ்பிரிங் ஆச்சே. உன்கிட்ட எப்படி வந்துச்சு?

– நீங்க ஒழுங்காத்தான் மாட்டிக் குடுத்தீங்க. உங்க மாப்பிள்ளைதான் வீட்டுக்குப் போனதும் கழட்டிட்டார். எங்களுக்குள்ள சண்டையே இல்ல மாமா.

– அப்புறம் எதுக்கும்மா இங்க வந்து உக்காந்திருக்கே?

– அவருக்கு வெளியூர்ல பெரிய வேலை கிடைச்சிருக்கு மாமா. போனா வருஷக்கணக்குல அங்கதான் இருக்கணும். நீங்க அங்க தனியா, அப்பா இங்க தனியா, நடுவுல பேச்சே இல்லாம எப்படி விட்டுட்டுப் போறதுன்னு பதில் சொல்லாம வச்சிருக்கோம். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து இதைச் சரி பண்ணிட்டா போகலாம், இல்லைன்னா வேணாம்னு முடிவு பண்ணினோம். இப்ப நீங்களே சொல்லுங்க, நாங்க போகட்டுமா?